முத்துக்குளித்துறையில் அஞ்ஞான வழக்கங்களுக்கு எதிரான திருச்சபைச் சட்டங்கள்

முத்துக்குளித்துறையில் அஞ்ஞான வழக்கங்களுக்கு எதிரான திருச்சபைச் சட்டங்கள் என்பன, 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய பரதவர், தம் முன்னோரின் சமய வழக்கங்களைக் கைவிடுவதற்காகத் திருச்சபை விதித்த தடைகளும் தண்டனைகளும் விலக்குகளும் ஆகும். வடக்கே வேம்பார் முதல் தெற்கே மணப்பாடு வரையுள்ள கடற்கரையில் இவை நடைமுறைப்படுத்தப்பட்டன. வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு ஆகிய ஏழும் ஏழுகடற்றுறை எனப்பட்டன. இவற்றுள் வடகோடியில் உள்ள வேம்பார், இன்று தூத்துக்குடி மாவட்டத்தின் விளாத்திகுளம் வட்டத்தில், இராமநாதபுரம் மாவட்ட எல்லையை ஒட்டி அமைந்துள்ளது.

இக்கரையில் கிறித்தவ அரசர் எவரும் ஆளவில்லை. ஆகவே திருச்சபையின் கட்டளையை ஊரில் நிறைவேற்றியவர்கள் பரதவரின் சாதித் தலைவரும் பட்டங்கட்டிகளுமே ஆவர். எந்தத் தடை நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதைப் பெரும்பாலும் இதுவே முடிவு செய்தது.

சொல்

கிறித்தவரல்லாதாரின் சமயத்தைத் தமிழ்க் கத்தோலிக்க நூல்கள் நெடுங்காலம் "அஞ்ஞானம்" என்றும், அதனைப் பின்பற்றுவோரை "அஞ்ஞானிகள்" என்றும் வழங்கின. மெய்ஞ்ஞானத்திற்கு எதிரானது என்ற பொருளில் எடுத்தாளப்பட்ட இச்சொல் சைவ, வைணவ நூல்களுக்கும் பொதுவானதே. பழைய தெய்வங்களைப் "பேய்" என்றும் கோயில்களைப் "பேய்க்கோயில்" என்றும் குறிப்பது மறைப்பணியாளரின் வழக்கமாக இருந்தது. இச்சொற்கள் ஒரு தரப்பின் பார்வையைக் காட்டுவனவேயன்றி அவ்வழிபாடுகளின் விளக்கம் ஆகா. இன்றைய திருச்சபை ஆவணங்களில் அவை வழக்கொழிந்துவிட்டன.

பின்னணி

முத்துக்குளிப்பு உரிமை தொடர்பாக முசுலிம் வணிகர்களுடன் ஏற்பட்ட பூசலில் போர்த்துக்கீசரின் பாதுகாப்பை நாடிய பரதவர், கொச்சிக்குத் தூதுக்குழு ஒன்றை அனுப்பினர். கோழிக்கோட்டிலிருந்து வந்த குதிரை வணிகரான யோவான் தெ குரூசு இதற்கு வழிகாட்டினார். 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். 1538இல் வேதாளையில் நடந்த போருக்குப் பின்னர் போர்த்துக்கீசரின் கை இக்கரையில் ஓங்கியது.

இம்மனமாற்றம் தனி மனிதரின் முடிவாக அன்றி, சாதி முழுவதன் முடிவாக நிகழ்ந்தது. திருமுழுக்குக் கொடுத்த குருக்கள் திரும்பிச் சென்றபின், ஏறக்குறைய ஐந்தாண்டுகள் மறைபோதனை எதுவும் நடைபெறவில்லை என்றே கூறலாம். பெயரளவில் கிறித்தவரான மக்கள் பழைய தெய்வங்களை வணங்கி வந்ததில் வியப்பில்லை. அவற்றை விடவேண்டும் என்று அவர்களுடைய மொழியில் எவரும் சொல்லியிருக்கவில்லை.

சவேரியார் காலம்

புனித பிரான்சிசு சவேரியார் 1542 அக்டோபரில் இக்கரைக்கு வந்து, 1544 வரை பெரும்பாலும் இங்கேயே தங்கினார். விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம் முதலியவற்றை ஊராரின் துணையுடன் தமிழாக்கி, மணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். ஒவ்வோர் ஊரிலும் எழுதப்பட்ட படி ஒன்றை விட்டுச்சென்றார்.

1544 சனவரி 15 அன்று கொச்சியிலிருந்து உரோமையில் உள்ள தோழர்களுக்கு எழுதிய மடலில், பழைய வழிபாடு எவ்வாறு ஒடுக்கப்பட்டது என்பதை அவரே விவரித்துள்ளார். எங்கேனும் சிலை வணக்கம் நடந்தால் சிறுவர்கள் ஓடிவந்து அவரிடம் தெரிவிப்பர். அவர் அவர்களைத் திரட்டிக்கொண்டு அவ்விடம் செல்வார். சிறுவர்கள் அச்சிலைகளைப் பொடியாக்கி மிதிப்பர். சிலை வணங்கிய பெற்றோரைப் பிள்ளைகளே கடிந்துகொண்டதையும் அவர் மகிழ்ச்சியுடன் எழுதுகிறார். வீட்டுக்குள் பிள்ளையைச் சாட்சியாகவும் ஒற்றனாகவும் நிறுத்திய இம்முறை அக்குடும்பங்களில் எத்தகைய பிளவை உண்டாக்கியிருக்கும் என்பதை அம்மடல் பேசவில்லை.

உடன் பணியாற்றிய பிரான்சிசுக்கோ மான்சிலாசுக்கு 1544இல் எழுதிய மடல்களில் தண்டனை முறை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பனங்கள்ளில் வடித்த சாராயம் அருந்தும் பெண் ஒவ்வொருவருக்காகவும் காவலருக்கு ஒரு பணம் தரவேண்டும் என்றும், அப்பெண்ணை மூன்று நாள் சிறையில் வைக்கவேண்டும் என்றும் அவர் பணித்தார். புன்னைக்காயலில் இனியும் சாராயம் அருந்தப்படுவதாகத் தெரிந்தால் பட்டங்கட்டிகளே அதற்குப் பெரும் விலை கொடுக்க நேரும் என்றும் எச்சரித்தார். மதுவிலக்கு சமய வழக்கத்தைச் சேர்ந்ததன்று எனினும், கட்டளை எந்த வழியாக ஊருக்குள் இறங்கியது என்பதை இது காட்டுகிறது. பனைமரமே வாழ்வாதாரங்களுள் ஒன்றாக விளங்கும் கரையில், வேம்பார்க் கருப்பட்டி இன்றும் பெயர் பெற்றிருக்கும் நிலத்தில், இத்தடை எளிதானதன்று.

ஊர்தோறும் கணக்கப்பிள்ளை எனப்பட்ட உபதேசியார் அமர்த்தப்பட்டார். செபம் சொல்லிக் கொடுத்தல், குழந்தைகளுக்கு ஆபத்துக்காலத் திருமுழுக்குக் கொடுத்தல், ஊர்க் குற்றங்களைக் குருவுக்குத் தெரிவித்தல் ஆகியன இவருடைய கடமைகளாயின. இவர்களின் ஊதியத்திற்காகச் சவேரியார் கேட்டுப் பெற்ற தொகை ஆண்டுக்கு 4,000 பொற்பணம். இக்கரையிலிருந்து போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென அதுவரை அனுப்பப்பட்டு வந்த வரியே அது.

1548 பெப்ரவரியில் மணப்பாட்டில் அவர் இயேசு சபையினருக்கு வழங்கிய அறிவுரையின் தொனி வேறுபட்டது. மக்களிடம் அன்பாக நடந்து அவர்களது அன்பைப் பெறவேண்டும் என்பதே அதில் முதன்மை பெறுகிறது.

சட்டத்தின் மூலங்கள்

கோவா மறைமாவட்டம் 1534இலும் கொச்சி மறைமாவட்டம் 1558இலும் நிறுவப்பட்டன. முத்துக்குளித்துறை கொச்சி ஆயரின் ஆளுகையில் வந்தது. கோவாவில் 1567, 1575, 1585, 1592, 1606 ஆகிய ஆண்டுகளில் கூடிய மாகாணச் சங்கங்களின் தீர்மானங்கள் கொச்சி மறைமாவட்டத்தையும் கட்டுப்படுத்தின. 1567ஆம் ஆண்டுச் சங்கம் எவரையும் அச்சுறுத்தி மதம் மாற்றலாகாது என்று தொடங்கிவிட்டு, போர்த்துக்கீசு ஆட்சிப்பகுதியில் பிற சமயக் கோயில்களும் பொதுச் சடங்குகளும் இருத்தலாகாது எனக் கேட்டுக்கொண்டது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவதாக அச்சங்கத்தினர் கருதியதாகத் தெரியவில்லை.

கோவாவில் இதை நிறைவேற்ற அரசின் படைபலம் இருந்தது. அத்தீவின் கோயில்கள் 1540 முதலே இடிக்கப்பட்டன. 1560இல் கோவாவில் நிறுவப்பட்ட சமய விசாரணை மன்றம், பழைய சடங்குகளுக்குத் திரும்பிய கிறித்தவர்களை 1812 வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, விசாரித்துத் தண்டித்தது. முத்துக்குளித்துறையின் நிலை வேறு. இங்கு நிலம் மதுரை நாயக்கர் முதலிய உள்நாட்டு அரசர்களுடையது. போர்த்துக்கீசருக்குக் கடலும் முத்துக்குளிப்பும் துறைமுகங்களுமே வசப்பட்டிருந்தன. ஆகவே திருச்சபைச் சட்டம் திருமுழுக்குப் பெற்றவரை மட்டுமே கட்டுப்படுத்தியது. திருச்செந்தூர் முருகன் கோயில் இக்கரையின் நடுவிலேயே இருந்தும், கோவாச் சட்டம் அதனைத் தீண்டவில்லை. பரதவக் கிறித்தவர் அக்கோயிலுக்குச் செல்வதைத் தடுக்கவே அதனால் இயன்றது.

மலையாளக் கரையில் 1599 சூனில் உதயம்பேரூரில் கோவாப் பேராயர் அலெய்சோ தெ மெனேசெசு கூட்டிய சங்கம், தோமா கிறித்தவர்களிடையே சோதிடம் பார்த்தல், ஓணக் கொண்டாட்டங்களில் கலந்துகொள்ளுதல், தாழ்த்தப்பட்டோரைத் தீண்டினால் குளித்தல் முதலியவற்றைத் தடைசெய்தது. முன்பே உரோமைமுறையில் வளர்ந்த முத்துக்குளித்துறைக்கு இச்சங்கம் நேரடியாகப் பொருந்தாவிடினும், எவை "அஞ்ஞானம்" எனக் கருதப்பட்டன என்பதை அறிய இது நல்ல சான்றாகும்.

ஆங்கிலோ-சாக்சன் சட்டங்களுடன் ஒப்பீடு

அரசன் இருந்த இடத்தில் இத்தகைய சட்டம் எவ்வாறு அமைந்தது என்பதற்கு ஆங்கிலோ-சாக்சன் இங்கிலாந்து எடுத்துக்காட்டாகும். கென்ட் அரசன் விட்ரெட் 695இல் இயற்றிய சட்டத்தின்படி, பேய்களுக்குப் பலியிடும் குடியானவன் தன் உடைமைகளை இழக்க நேரிடும். அடிமை பலியிட்டால் ஆறு சில்லிங்கு தண்டம் செலுத்தவேண்டும் அல்லது கசையடி பெறவேண்டும். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், 1020ஆம் ஆண்டையொட்டி இயற்றப்பட்ட கனூட்டு அரசனின் சட்டம் சூரியன், சந்திரன், நெருப்பு, நீரூற்று, கல், மரம் ஆகியவற்றை வணங்குவதை மீண்டும் தடைசெய்கிறது. மீண்டும் தடைசெய்ய வேண்டியிருந்தது என்பதே முந்தைய தடைகள் முழுமையாகப் பலிக்கவில்லை என்பதற்குச் சான்றாகலாம்.

முத்துக்குளித்துறையில் விட்ரெட்டின் இடத்தில் சாதித் தலைவர் இருந்தார். அவர் தண்டிக்க விரும்பியது தண்டிக்கப்பட்டது. அவரும் ஊராரும் தம் வழக்கமெனக் கருதியதைத் தண்டிக்க ஆளில்லாது போயிற்று.

பாவசங்கீர்த்தன நூல்

இங்கிலாந்தில் பேராயர் தியோடோரின் பெயரால் வழங்கிய தவமுறை நூல், எந்தப் பாவத்திற்கு எத்தனை நாள் நோன்பு என வரையறுத்தது. தமிழில் இதற்கு நெருங்கியது, என்றீக்கே என்றீக்கசு அடிகளார் ஆக்கி 1580இல் கொச்சியில் அச்சான "கொம்பெசியோனாயரு" ஆகும். 1578இல் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்", 1579இல் கொச்சியில் அச்சான "கிரீசித்தியானி வணக்கம்" ஆகியவற்றுக்கு அடுத்ததாக வெளிவந்த இந்நூல், பத்துக் கட்டளைகளின் வரிசையில் பாவங்களைக் கேட்டறிவதற்கு உதவுவது. சிறுவர் கூட்டம் சிலையை உடைத்த காலம் போய், ஒவ்வொருவரும் தம் வாயால் தம் குற்றத்தைச் சொல்லும் காலம் வந்துவிட்டதை இந்நூல் காட்டுகிறது.

யூத மரபினரான என்றீக்கசு அந்தப் பிறப்பின் காரணமாகவே பிரான்சிசுக்கன் சபையிலிருந்து விலக நேர்ந்தவர். பின்னர் இயேசு சபையில் சேர்ந்து, தமிழை இலக்கணத்தோடு கற்று, அரை நூற்றாண்டு இக்கரையில் பணியாற்றி 1600இல் மறைந்தார்.

திருமண உறவுமுறை

திருச்சபைச் சட்டம் மிகவும் இடர்ப்பட்ட இடம் கோயில் அன்று, மணப்பந்தலே ஆகும். 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் இரத்த உறவில் நான்காம் தலைமுறை வரை மணம் கூடாது என விதித்திருந்தது. தமிழர் வழக்கிலோ மாமன் மகளும் அத்தை மகளும் உரிமைப் பெண்கள். சொத்தும் படகும் உறவும் குலையாமல் காப்பது இம்மணமே. சிலையைக் கைவிடுவது ஒரு நாள் வேலை. ஆனால் முறைப்பெண்ணைக் கைவிட்டால் இரு குடும்பங்களின் உறவே முறியும்.

எனவே இங்குத் தடை, விலக்கு அளிக்கும் முறையாக மாறியது. உறவுமுறைத் தடையிலிருந்து விலக்கு வேண்டிக் குருவிடம் விண்ணப்பிப்பதும், அவர் உரிய அதிகாரத்தின் வழியாக அதனை வழங்குவதும் தமிழ்க் கத்தோலிக்கரிடையே வழக்கமாயிற்று. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் அத்தை, மாமன் மக்களிடையேயான மணத்தைத் தடை செய்யப்பட்ட உறவாகவே வைத்துள்ளது. ஆயரின் விலக்குடன் அது நடைபெறலாம்.

கடல்கட்டி

முத்துக்குளிப்பின்போது சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் கடல்கட்டி எனப்பட்டார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு எடுக்கப்படும் முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாகக் குறிப்பிடுகிறார். அம்மந்திரம் பகலுக்கு மட்டுமே கட்டுப்பட்டது. வேறு எவரும் இரவில் திருட்டுத்தனமாக மூழ்காதபடி மாலையில் அதனை அவிழ்த்துவிடுவர் என்றும் அவர் எழுதுகிறார்.

மந்திரமும் குறி பார்த்தலும் முதற்கட்டளைக்கு எதிரான பாவங்கள் எனத் திருச்சபை போதித்தது. ஆயினும் மனமாற்றத்திற்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் கடல்கட்டி மறையவில்லை. இலங்கையின் மன்னார்க் கரையில் ஆங்கிலேயர் நடத்திய முத்துக்குளிப்புகளில், அரசின் செலவிலேயே கடல்கட்டி அமர்த்தப்பட்டார். 1859இல் இலங்கை பற்றிய தம் நூலை வெளியிட்ட எமர்சன் தென்னென்ட், அக்காலக் கடல்கட்டி உரோமன் கத்தோலிக்கர் என்றே பதிவு செய்துள்ளார். கடல்கட்டி வாராமல் மூழ்கமாட்டோம் என்று குளியாட்கள் மறுத்ததே இதற்குக் காரணம். ஒரு கல்லைக் காலில் பிணைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் பல பாகம் ஆழத்திற்கு இறங்குபவனுக்குப் பயமின்மை இன்றியமையாதது. முத்துக்குளிப்பால் வருவாய் பெற்ற அரசும் அதனை உணர்ந்தே இருந்தது.

ஒல்லாந்தர் காலம்

1658இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் வசமானது. சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஒல்லாந்தருக்குக் கத்தோலிக்கரின் சுரூபங்களும் பவனிகளுமே சிலை வணக்கமாகத் தோன்றின. இலங்கையில் அதே ஆண்டு பிறப்பிக்கப்பட்ட ஆணை, கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை விதித்தது. தூத்துக்குடியிலிருந்து இயேசு சபையினர் வெளியேற்றப்பட்டனர். பிலிப்பசு பால்தேயுசு என்னும் ஒல்லாந்தப் போதகர் பரதவரைத் தம் சபைக்கு ஈர்க்க முயன்று தோல்வியுற்றார்.

நூறாண்டுகளுக்கு முன் சிலை உடைப்பின் வழியே கிறித்தவரான ஒரு மக்கள் கூட்டம், இப்போது சிலை வணங்குவோர் எனக் குற்றம் சாட்டப்பட்டும் தம் சுரூபங்களை விட மறுத்தது. சாதித் தலைவரும் பட்டங்கட்டிகளும் இம்முறை சட்டத்தின் பக்கம் நிற்கவில்லை. அவர்கள் நில்லாததால் சட்டம் செல்லவும் இல்லை. காலப்போக்கில் ஒல்லாந்தர் தளர்ந்தனர். அவர்களது ஆட்சியிலேயே தூத்துக்குடிப் பனிமய மாதா ஆலயத்தின் கட்டுமானம் 1712இல் தொடங்கியது.

மலபார்ச் சடங்குகள் பூசல்

கரையில் ஒடுக்கப்பட்ட வழக்கங்கள் உள்நாட்டில் வேறொரு வழக்கின் பொருளாயின. மதுரையில் கரையிலிருந்து வந்த பரதவக் கிறித்தவர்களுக்குப் பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டசு அடிகளார், மனம் மாறுவோரிடம் பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என வினவியதாகக் கூறப்படுகிறது. 1606இல் அங்கு வந்த இராபர்ட்டு தெ நோபிலி இதனை மறுத்தார். குடுமி, பூணூல், சந்தனம், நீராடல் ஆகியவை சமூக அடையாளங்களே, சமயச் சடங்குகள் அல்ல என்பது அவரது வாதம். பெர்னாண்டசு இதனை எதிர்த்து, 1616இல் இந்துச் சடங்குகளைத் தொகுத்து எழுதினார். திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623 சனவரி 31 அன்று, சில கட்டுப்பாடுகளுடன் நோபிலிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்.

1704 சூன் 23 அன்று புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் பிறப்பித்த ஆணை நிலைமையை மாற்றியது. குழந்தைத் திருமணம், பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, மணவிழாவில் தேங்காய் உடைத்தல், திருநீறு பூசுதல், கோயில் விழாக்களில் கிறித்தவ இசைக்கலைஞர் வாசித்தல் ஆகியவை தடைசெய்யப்பட்டன. மாதவிலக்கான பெண்களைத் திருவருட்சாதனங்களிலிருந்து விலக்குதல் கூடாது என்றும், நோயுற்ற பறையரின் வீட்டுக்கே சென்று குருக்கள் பணியாற்ற வேண்டும் என்றும் அதே ஆணை கட்டளையிட்டது. ஆகவே இவ்வாணையை வெறும் பண்பாட்டு ஒடுக்குமுறை என்று ஒதுக்குவது சரியன்று. சாதி வழக்கத்திற்கு எதிரான கூறுகளே மறைப்பணியாளரிடையே கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. 1744 செப்டம்பர் 12 அன்று திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் இப்பூசலுக்கு இறுதித் தீர்ப்பு வழங்கினார். அதனைக் கடைப்பிடிப்பதாக மறைப்பணியாளர் செய்ய வேண்டியிருந்த உறுதிமொழி 1940இல் நீக்கப்பட்டது.

தேரும் கொடியேற்றமும்

திருத்தந்தை பெரிய கிரகோரி 601இல் மெல்லிட்டசு என்பவருக்கு எழுதிய மடலில், ஆங்கிலேயரின் கோயில்களை இடிக்காமல் சிலைகளை மட்டும் அகற்றித் தீர்த்தம் தெளித்து ஆலயமாக்கலாம் என்றும், பலி விருந்துகளைப் புனிதர் விழா விருந்துகளாக மாற்றலாம் என்றும் கூறியிருந்தார். இத்தகைய கட்டளை எதுவும் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்படவில்லை. எனினும் நடந்தது ஏறத்தாழ அதுவே.

கொடியேற்றத்துடன் தொடங்கிப் பல நாள் நடைபெறும் திருவிழா, சப்பரம், தேர், ஊரார்க்கு அசனம், நேர்ச்சையாக முடியிறக்குதல், காது குத்துதல், உப்பும் மிளகும் காணிக்கையிடுதல் ஆகியவை தென்கரைக் கத்தோலிக்க ஆலயங்களில் நிலைபெற்றன. பனிமய மாதாவின் தங்கத்தேர் முதன்முதலில் 1806இல், சாதித் தலைவரின் முயற்சியால் ஓடியது. தேர் இழுக்கும் மரபும், அதில் சாதித் தலைவருக்குரிய முதல் மரியாதையும் தமிழ்க் கோயில் மரபிலிருந்து வந்தவை. பட்டங்கட்டிகளைக் கொண்டு ஒடுக்கப்பட்ட வழிபாட்டின் வடிவம், அதே தலைமையின் வழியாக மாதாவுக்குரியதாயிற்று. பரதவரின் இம்மரபை வரலாற்றாளர் சூசன் பெய்லி 1989இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

பிற்கால நிலை

1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் நிறுவப்பட்டு, திபூர்சியுசு ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரானார். நவீன காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையில் ஆயரான முதல் இந்தியர் இவரே. வேம்பார் இம்மறைமாவட்டத்தில் அடங்கும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல், மூடநம்பிக்கையுடன் பிரிக்கமுடியாதபடி பிணைந்திராத மக்கள் வழக்கங்களை வழிபாட்டில் ஏற்கலாம் என அறிவித்தது. 1969 ஏப்ரலில், இந்திய வழிபாட்டிற்கென உரோமை ஒப்புதல் அளித்த பன்னிரண்டு கூறுகளுள் கைகூப்பி வணங்குதல், காலணி நீக்குதல், ஆரத்தி எடுத்தல், எண்ணெய் விளக்கு ஏற்றுதல் ஆகியன இடம்பெற்றன. இவற்றையும் எதிர்த்தோர் இருந்தனர். அஞ்ஞான வழக்கம் ஆலயத்திற்குள் நுழைகிறது என்பது அவர்கள் எழுப்பிய குற்றச்சாட்டாகும்.